விஎஃப்டி பேனல் கட்டும்போது பாதுகாப்பும் ஈஎம்சியும்: எது முதலில், எது பிறகு

விஎஃப்டி என்பது மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்; ஈஎம்சி என்பது மின் இரைச்சலால் சாதனங்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் இருப்பது. டிரைவின் பக்கவாட்டில் சிஇ (ஐரோப்பிய இணக்க) முத்திரை இருக்கிறது, அதனால் பேனலும் தரநிலைக்கு உட்பட்டதுதான் என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிடும் 61800 தரநிலை வரிசை பேசுவது டிரைவ், கேபிள், மோட்டார், சென்சார் எல்லாம் சேர்ந்த மொத்த அமைப்பைப் பற்றி. தயாரிப்பாளர் சோதித்தது அதில் ஒரு பெட்டியை மட்டும். அதையும் மேனுவலில் எழுதியிருக்கும் கேபிளோடு, எழுதியிருக்கும் நீளத்தில், எழுதியிருக்கும் ஃபில்டரோடு (இரைச்சல் வடிகட்டி) சோதித்திருக்கிறார்கள். மீதிப் பாதியை உங்கள் வயரிங்தான் முடிவு செய்கிறது.

பேனல் கட்டுபவர்களுக்கும் ஆலை மின்பராமரிப்பில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும். உதாரணமாக 415 வோல்ட் மூன்று ஃபேஸில் ஓடும் 22 கிலோவாட் மோட்டாரை வைத்துக்கொள்வோம். முழு லோடில் சுமார் 40 ஆம்பியர் இழுக்கும் சாதாரண இன்டக்‌ஷன் மோட்டார் அது.

மூன்று எண்களைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும். 61800-3 ஈஎம்சிக்கு. 61800-5-1 ஷாக், சூடு, தீ முதலான பாதுகாப்புக்கு. 61800-5-2 எஸ்டிஓ (மோட்டாருக்கு முறுக்குவிசை போகாமல் தடுப்பது) போன்ற பாதுகாப்புச் செயல்பாடுகளுக்கு. இயந்திரத்தின் மொத்த வயரிங்குக்கு ஐஇசி 60204-1 தனியாக இருக்கிறது.

0. ஆர்டர் போடும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிரைவின் முழு ஹார்டுவேர் மேனுவல். பெட்டியோடு வரும் நான்கு பக்கத் துரித வழிகாட்டி போதாது. கேபிள் நீள அட்டவணையும் ஃப்யூஸ் அட்டவணையும் அதில் இருக்காது.

மோட்டாரின் பெயர்ப்பலகைப் படம். டிரைவிலிருந்து மோட்டார் வரை கேபிள் உண்மையில் போகும் வழியின் நீளம். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தது இங்கே உதவாது. சப்ளை எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது, அதன் நியூட்ரல் எர்த் ஆகியிருக்கிறதா, பேனல் பஸ்பாரில் வரக்கூடிய ஷார்ட் சர்க்யூட் கரன்ட் எவ்வளவு என்ற மூன்று தகவல்கள். இவை இல்லாமல் கீழே உள்ள முதல் நான்கு படிகளை முடிக்க முடியாது.

1. சூழல் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

61800-3 இடங்களை இரண்டாகப் பிரிக்கிறது. வீடுகளுக்குப் போகும் அதே எல்டி (குறைந்த வோல்டேஜ்) லைனில், நடுவே தனி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இணைந்திருக்கும் இடம் முதல் சூழல். தனக்கென்று டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் ஆலை இரண்டாம் சூழல்.

கட்டடத்தின் தோற்றத்தை வைத்து முடிவு செய்வதுதான் இங்கே நடக்கும் தவறு. குடியிருப்புத் தெருவில் எல்டி கனெக்‌ஷனில் ஓடும் சின்னப் பட்டறை, உள்ளே நான்கு லேத் இருந்தாலும் முதல் சூழல்தான். அடுத்த வீட்டு டிவியும் அதே லைனில்தான் தொங்குகிறது.

2. சி1, சி2, சி3, சி4: அதோடு கேபிள் நீளமும்

61800-3 டிரைவ்களைப் பிரிக்கும் நான்கு பிரிவுகள் இவை. சி1-ஐ முதல் சூழலில் யார் வேண்டுமானாலும் மாட்டலாம். சி2-ஐயும் முதல் சூழலில் மாட்டலாம், ஆனால் ஈஎம்சி தெரிந்த ஆள்தான் நிறுவி ஓட்டிவிட வேண்டும். பிளக் போட்டுச் செருகும் சாதனமாக அது இருக்கக் கூடாது. சி3 இரண்டாம் சூழலுக்கு மட்டும். சி4 என்பது 1000 வோல்ட் அல்லது 400 ஆம்பியரும் அதற்கு மேலும், இல்லாவிட்டால் சிக்கலான அமைப்புகள். அங்கே வரம்பு எண்ணுக்குப் பதிலாக, எழுதிக் கையெழுத்திட்ட ஈஎம்சி திட்டம் கேட்கப்படும்.

சி2-க்கும் சி3-க்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. 150 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரை, சப்ளை லைனில் ஏறும் இரைச்சலுக்கு சி2-வின் குவாசி-பீக் (சோதனையில் இரைச்சலை அளக்கும் ஒரு முறை) வரம்பு 79 டெசிபல் மைக்ரோவோல்ட். 100 ஆம்பியர் வரையிலான சி3-க்கு அதுவே 100. அந்த 21 டெசிபல், வோல்டேஜில் 11 மடங்குக்கும் மேல். சி3 டிரைவை வாங்கிவிட்டு, அப்புறம் ஒரு ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால், அந்த ஃபில்டர் பேனலில் வைக்க இடமில்லாத அளவுக்குப் பெரிதாக வந்து நிற்கும்.

நீளத்தையும் இதே நேரத்தில் பாருங்கள். மேனுவல் அட்டவணையில் பிரிவுக்குப் பக்கத்திலேயே கேபிள் நீளமும் கேரியர் ஃப்ரீக்வன்சியும் (டிரைவ் ஸ்விட்ச் ஆகும் வேகம்) இருக்கும். குட்டை கேபிளில் சி2 வாங்கிய அதே டிரைவ், நீளக் கேபிளில் சி3-க்கு இறங்கிவிடும். நீளம் கூடக் கூட ஒயருக்கும் எர்த்துக்கும் இடையிலான கெபாசிட்டன்ஸ் கூடுகிறது; ஒவ்வொரு ஸ்விட்சிங்கிலும் எர்த்துக்குள் தள்ளப்படும் கரன்ட் அதற்கேற்ப ஏறுகிறது. டிரைவை எம்சிசி ரூமில் (மோட்டார் கன்ட்ரோல் பேனல்கள் இருக்கும் அறை) வைப்பதா, மெஷின் பக்கத்தில் வைப்பதா என்பதையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். ஆர்டர் போன பிறகு மாற்றினால் செலவு.

3. நியூட்ரல் எர்த் ஆகியிருக்கிறதா?

நம் ஆலைகளில் பெரும்பாலும் 11 கிலோவோல்ட்/433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நியூட்ரல் நேரடியாக எர்த். அப்படியானால் டிரைவின் உள் ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

எர்த் இல்லாத ஐடி நெட்வொர்க் என்றால், டிரைவில் ஃபில்டரை எர்த்தோடு இணைக்கும் ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லி மேனுவலில் இருக்கும். வேரிஸ்டருக்கும் (திடீர் உயர் வோல்டேஜை அடக்கும் பாகம்) தனி ஸ்க்ரூ இருக்கலாம். ஒரு ஃபேஸ் எர்த் ஃபால்ட் ஆனாலும் ஐடி நெட்வொர்க் ட்ரிப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது மற்ற இரண்டு ஃபேஸின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் மேல் முழு லைன் வோல்டேஜ் உட்கார்ந்துவிடும். கெபாசிட்டர் போகும், சில நேரம் டிரைவும் கூடவே போகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆர்சிசிபி (எர்த் கசிவு கண்டால் சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர்) அடிக்கடி விழுகிறது என்று நல்ல எர்த் இருக்கும் ஆலையிலும் அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிடுகிறார்கள். விழுவது நிற்கும். கூடவே அந்த டிரைவ் எந்தப் பிரிவிலும் இல்லாமல் போய்விடும்.

4. முன்னால் என்ன போடுவது

மேனுவலில் எழுதிய ஃப்யூஸ் அல்லது எம்சிசிபி (சர்க்யூட் பிரேக்கர்), அதே வகை, அதே அளவு. டிரைவுக்குள் ஒரு பாகம் வெடித்தால் தீயும் உருகிய உலோகமும் பெட்டிக்கு வெளியே வராது என்று 61800-5-1 சோதனையில் காட்டியது அந்தக் குறிப்பிட்ட ஃப்யூஸை முன்னால் வைத்துத்தான். அரைமின்கடத்தி ஃப்யூஸ் கேட்ட இடத்தில் சாதா ஃப்யூஸ் போட்டால் அந்தச் சோதனை முடிவு உங்களுக்குப் பொருந்தாது.

ஆர்சிசிபி அவசியமானால் மூன்று ஃபேஸ் டிரைவுக்கு டைப் பி. டிரைவுக்குள் ஏற்படும் எர்த் ஃபால்ட்டில் அலையில்லாத டிசி ஓடும். ஏசி வகையும் ஏ வகையும் அதைப் பார்க்காது. பார்க்காதது மட்டுமில்லை, உள்ளிருக்கும் கோர் நிறைவுற்று, அதே லைனில் வேறு இடத்தில் வரும் சாதாரண ஏசி கசிவையும் காண முடியாமல் போய்விடும். டிசி கசிவு இல்லாத நேரத்தில் அழுத்தினால் அந்த ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டன் எப்போதும்போல வேலை செய்து ஆளை நம்ப வைக்கும்.

5. எர்த்: 3.5 மில்லியாம்பியர் கேள்வி

ஃபில்டர் உள்ள டிரைவ் சும்மா நின்றாலும் எர்த் கம்பியில் கரன்ட் ஓடும். அது 3.5 மில்லியாம்பியர் ஏசியைத் தாண்டினால், எர்த் கம்பி அறுந்த நேரத்தில் பெட்டியைத் தொடுபவர் வழியாக அந்தக் கரன்ட் போகும். அதனால் 61800-5-1 நிரந்தர இணைப்பு கேட்கிறது. அதோடு மூன்றில் ஒன்று: குறைந்தது 10 சதுர மி.மீ. செம்பு எர்த் கம்பி (அலுமினியம் என்றால் 16). அல்லது அதே தடிமனில் இரண்டாவது எர்த் கம்பி, தனி டெர்மினலில். அல்லது எர்த் அறுந்தால் சப்ளையைத் தானாகத் துண்டிக்கும் ஏற்பாடு.

நம் 22 கிலோவாட் உதாரணத்தில் 16 சதுர மி.மீ. ஃபேஸ் கம்பி போட்டால் எர்த்தும் 16 வந்துவிடும், பிரச்சினை இல்லை. மாட்டிக்கொள்வது சின்ன டிரைவ்கள்தான். 2.2 கிலோவாட்டுக்கு 2.5 சதுர மி.மீ. நான்கு கோர் கேபிள் இழுத்து முடித்திருப்பார்கள். இரண்டாவது எர்த் டெர்மினல் காலியாகக் கிடக்கும். பேனலில் நான் முதலில் பார்க்கும் இடம் அந்த டெர்மினல்.

அடுத்தது, 'டிரைவுக்குத் தனி எர்த் பிட்'. எலக்ட்ரானிக்ஸ் என்றாலே சுத்தமான எர்த் வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்த வழக்கம் இது. மெயின் எர்த்தோடு இணைக்காத தனிப் பிட் ஆபத்து. பிட் 2 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 1 ஓம் என்று வையுங்கள். 240 வோல்ட் ஃபேஸ் பெட்டியில் பட்டால் ஓடுவது 80 ஆம்பியர். 63 ஆம்பியர் ஜிஜி (பொதுப் பயன்பாட்டு) ஃப்யூஸ் அதில் உருகாமல் மணிக்கணக்கில் நிற்கலாம். அவ்வளவு நேரமும் பெட்டி மேல் 160 வோல்ட் இருக்கும். எத்தனை பிட் வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஆனால் எல்லாம் ஒரே எர்த் பாரில் சேர வேண்டும்.

மோட்டார் பாடிக்கு இரண்டு தனி எர்த் கொடுக்கும் நம் ஊர் விதியையும் விடக் கூடாது. அதற்குப் போடும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை 50 ஹெர்ட்ஸ் ஃபால்ட்டுக்கானது. டிரைவின் அதிவேக இரைச்சலுக்கு அது வழி ஆகாது. அதற்கான வழி 7-ஆம் படியில்.

6. மவுண்டிங் பிளேட், ஃபில்டர்

பெயின்ட் அடிக்காத, துத்தநாகப் பூச்சுள்ள பிளேட் வாங்குங்கள். பெயின்ட் அடித்ததுதான் இருக்கிறது என்றால் ஃபில்டரும் டிரைவும் உட்காரும் முழுப் பரப்பையும் சுரண்டுங்கள். ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி மட்டும் சுரண்டினால் போதாது.

காரணம் எளிது. நேரான ஒரு கம்பி, மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி. அரை மீட்டர் பச்சை மஞ்சள் ஒயர் மூலம் எர்த் ஆன ஃபில்டர், 10 மெகாஹெர்ட்ஸில் 30 ஓமுக்கும் மேலான தடைக்குப் பின்னால் நிற்கிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் 0 ஓம் என்றுதான் காட்டும்.

ஃபில்டருக்கு உள்ளே போகும் ஒயரையும் வெளியே வரும் ஒயரையும் ஒரே டக்ட்டில், அழகாக டை போட்டுக் கட்டுவது பேனல் கடைகளின் பழக்கம். ஃபில்டர் தடுத்த இரைச்சல் பக்கத்து ஒயரில் தாவி வெளியேறிவிடும். ஃபில்டரை சப்ளை கேபிள் நுழையும் இடத்திலேயே வையுங்கள், இன்புட்டையும் அவுட்புட்டையும் எதிரெதிர் திசையில் கொண்டுபோங்கள்.

7. மோட்டார் கேபிள்: இங்கே அவசரப்படாதீர்கள்

களத்தில் வரும் ஈஎம்சி தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேபிளில் இருக்கின்றன. டிரைவின் ஐஜிபிடி (ஸ்விட்ச் ஆகும் டிரான்சிஸ்டர்) ஒவ்வொரு முறை ஸ்விட்ச் ஆகும்போதும் மோட்டார் வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையிலான கெபாசிட்டன்ஸ் வழியாக ஒரு கரன்ட் துடிப்பு பாடிக்கு வருகிறது. அது கிளம்பிய டிரைவுக்கே திரும்பியாக வேண்டும். ஷீல்டு சரியாக இருந்தால் அதன் வழியே திரும்பும். இல்லாவிட்டால் பேரிங், கியர்பாக்ஸ், மெஷின் சட்டம், என்கோடர் (சுழற்சியை அளக்கும் சென்சார்) கேபிளின் ஷீல்டு என்று கிடைத்த வழியில் எல்லாம் போகும்.

கேபிள் தேர்வு: மூன்று ஃபேஸ் கம்பிகளும் சமச்சீராக அமைந்த, செம்பு அல்லது அலுமினிய ஷீல்டு உள்ள விஎஃப்டி கேபிள். ஷீல்டின் கடத்துதிறன் ஃபேஸ் கம்பியினுடையதில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். 'ஆர்மர்டு கேபிள்தான் போட்டிருக்கிறோம், அதுவே ஷீல்டு' என்பார்கள். இரும்புக் கம்பி ஆர்மர் ஓரளவு உதவும், அதுவும் இரு முனையிலும் உலோக கிளாண்டில் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்து இறுக்கி) நன்றாகக் கடித்திருந்தால். சி2 தேவைப்படும் இடத்தில் அதை நம்பாதீர்கள்.

முடிப்பு: வெளி உறையை கிளாண்ட் வரும் இடத்தில் மட்டும் வளையமாக உரித்து, பின்னலைக் கலைக்காமல், ஈஎம்சி கிளாண்டின் உள்விரல்கள் அதைச் சுற்றிலும் 360 டிகிரி கடிக்கும்படி இறுக்குங்கள். டிரைவ் பக்கம் கிளாம்ப் தகடு இருந்தால் அதிலும் அப்படியே. பின்னலை முறுக்கி, ஒரு லக் அடித்து, எர்த் டெர்மினலில் மாட்டுவதுதான் ஜடைவால். பார்க்க நேர்த்தியாக இருக்கும். 10 செ.மீ. ஜடைவால் சுமார் 0.1 மைக்ரோஹென்றி, 10 மெகாஹெர்ட்ஸில் 6 ஓமுக்கு மேல். ஷீல்டு முழுவதும் சில மில்லிஓமில் இருந்து என்ன பயன், கடைசி 10 செ.மீ. அதைக் கெடுத்துவிடுகிறது.

இரண்டு முனையிலும் இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எர்த் செய்வது குறைந்த ஃப்ரீக்வன்சி அனலாக் சிக்னலின் பாடம். அதை மோட்டார் கேபிளுக்குக் கொண்டுவந்தால் இரைச்சல் திரும்ப வழியே இல்லை.

மோட்டார் பக்கத்தில் வைக்கும் லோக்கல் ஐசொலேட்டர் பலர் கண்ணில் படாமல் போகும் இடம். பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் ஷீல்டு அங்கேயே அறுகிறது. அந்த அரையடி ஒரு ஆன்டெனா. உலோகப் பெட்டி வாங்கி இரு பக்கமும் ஈஎம்சி கிளாண்ட் போடுங்கள். முன்கூட்டியே திறக்கும் துணை கான்டாக்டை டிரைவின் எனேபிளுக்குக் கொடுங்கள், ஓடும்போது திறந்தால் டிரைவ் முதலில் நிற்கட்டும்.

பழைய ஸ்டார்டரை எடுத்துவிட்டு டிரைவ் போடுகிறீர்கள் என்றால், மோட்டார் முனையில் பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இருந்தால் கழற்றியே ஆக வேண்டும். டிரைவ் அவுட்புட்டில் கெபாசிட்டர் இருந்தால் ஐஜிபிடி முதல் நாளே போகலாம்.

8. கன்ட்ரோல் வயர்கள்

மோட்டார் கேபிளுக்கும் கன்ட்ரோல் கேபிளுக்கும் இடையே 30 முதல் 50 செ.மீ. வரை மேனுவல்கள் கேட்கும். குறுக்கே போக வேண்டுமானால் 90 டிகிரியில் கடக்கட்டும். கான்டாக்டர், ரிலே, பிரேக் காயில்களுக்கு சர்ஜ் அடக்கி போடுங்கள்: டிசிக்கு டயோடு, ஏசிக்கு ஆர்சி (ரெசிஸ்டர்-கெபாசிட்டர்). டிரைவ் மேல் பழி போட்ட பிஎல்சி (மெஷின் கன்ட்ரோலர்) ரீசெட்டுகள் சில, பக்கத்துக் கான்டாக்டர் காயிலால் வந்தவை.

பாதுகாப்பு விஷயம் ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. மோட்டார் வைண்டிங்குக்குள் இருக்கும் பிடிசி தெர்மிஸ்டரின் (சூட்டை உணரும் சென்சார்) ஒயர்களை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலில் நேராகக் கொண்டுவந்து செருகுவார்கள். வைண்டிங் இன்சுலேஷன் போனால் அந்த ஒயர் வழியாக மோட்டார் வோல்டேஜ் கன்ட்ரோல் போர்டுக்கும், அதிலிருந்து பிஎல்சிக்கும், ஆபரேட்டர் தொடும் பொத்தானுக்கும் வரலாம். தெர்மிஸ்டருக்கும் வைண்டிங்குக்கும் இடையே இரட்டை அல்லது வலுவூட்டிய இன்சுலேஷன் இருப்பதாக மோட்டார் தயாரிப்பாளர் எழுதித் தந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் தெர்மிஸ்டர் ரிலே வையுங்கள்.

9. எஸ்டிஓ

எஸ்டிஓ செயல்பட்டால் மோட்டாருக்கு முறுக்குவிசை போகாது. அவ்வளவுதான். மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ டெர்மினல்களில் அபாயகரமான வோல்டேஜ் இருக்கவே செய்யும். மோட்டார் பெட்டியைத் திறக்கும் ஆள் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போட்டே ஆக வேண்டும்.

நிற்கும் விதத்தையும் யோசியுங்கள். எஸ்டிஓ, 60204-1 சொல்லும் நிறுத்த வகை 0: மோட்டார் தானாக உருண்டு நிற்கும். பெரிய ப்ளோயர் விசிறியில் அது நிமிடக்கணக்கு. அப்போது எஸ்எஸ்1 எடுங்கள், முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு எஸ்டிஓ. ஹாய்ஸ்ட் என்றால் எஸ்டிஓ வந்த நொடியில் சரக்கு கீழே இறங்கும், மெக்கானிக்கல் பிரேக் கட்டாயம். நிரந்தரக் காந்த மோட்டாரில், இரண்டு ஐஜிபிடி ஒரே நேரத்தில் ஷார்ட் ஆனால், எஸ்டிஓ இருந்தும் ஷாஃப்ட் ஒரு முறை வெட்டித் திரும்பும். அதிகபட்சக் கோணம் 180 டிகிரியைத் துருவ இணைகளின் எண்ணிக்கையால் வகுத்தது.

தொழிற்சாலையிலிருந்து எஸ்டிஓ டெர்மினலில் ஜம்பர் போட்டு வரும் டிரைவ்கள் உண்டு. அது அப்படியே இருக்க, எமர்ஜென்சி பொத்தானை சாதா டிஜிட்டல் இன்புட்டில் கொடுத்து முடித்த பேனல்கள் ஏராளம். சோதிக்கும்போது இரண்டு சேனலையும் ஒன்றாகத் திறக்காதீர்கள். ஒவ்வொன்றாகத் திறங்கள், டிரைவ் நிற்கவும் வேண்டும், சேனல் கோளாறைக் காட்டவும் வேண்டும்.

10. பவர் கொடுக்கும் முன்

பெயர்ப்பலகை பாருங்கள். 415 வோல்ட் டெல்டா என்று இருந்து, முன்பு ஸ்டார்-டெல்டா ஸ்டார்டரில் ஓடிய ஆறு முனை மோட்டார் என்றால், லிங்கை டெல்டாவில் போடுங்கள்.

மெகர் (இன்சுலேஷன் சோதனை) அடிக்கும் முன் யு, வி, டபிள்யூ மூன்றையும் டிரைவிலிருந்து கழற்றுங்கள். கேபிளையும் மோட்டாரையும் மட்டும் அளங்கள்.

ஏற்கெனவே பவர் கொடுத்த டிரைவைத் திறப்பதானால் லேபிளில் எழுதிய நேரம் காத்திருங்கள். 5 வினாடிக்குள் 60 வோல்ட்டுக்குக் கீழே இறங்காத டிரைவில் அந்த லேபிள் கட்டாயம். 415 வோல்ட்டில் டிசி பஸ் 587 வோல்ட் வரை நிற்கும். நேரம் முடிந்ததும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்; டிஸ்ப்ளே அணைந்தது ஆதாரம் ஆகாது.

11. முதல் ஓட்டம்: இரைச்சல் எந்தப் பக்கம்?

அனலாக் ரீடிங் துள்ளுகிறதா? டிரைவுக்குப் பவர் இருந்தும் மோட்டார் நிற்கும்போதே துள்ளினால் சப்ளைப் பக்கத்தையும் வேறு சாதனங்களையும் பாருங்கள். ஸ்டார்ட் கொடுத்த கணத்தில் ஆரம்பித்தால் மோட்டார் கேபிள், அதுவும் ஷீல்டு முனைகள்தான் முதல் சந்தேகம்.

கையடக்க மீடியம் வேவ் ரேடியோ ஒன்றை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து கேபிள் டிரே ஓரமாக நடங்கள். சரியான ஷீல்டு பக்கத்தில் சத்தம் குறையும். ஜடைவால், பிளாஸ்டிக் பெட்டி, தளர்ந்த கிளாண்ட் வரும் இடத்தில் கரகரப்பு ஏறும். சான்றிதழுக்கு இது ஆகாது. ஓட்டை எங்கே என்று காட்டிவிடும்.

மோட்டார் சத்தம் போடுகிறது என்று கேரியர் ஃப்ரீக்வன்சியை 4-லிருந்து 12 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றுவது அடுத்த வலை. காதுக்கு நிம்மதி, எர்த் கசிவு ஏறும், டிரைவ் சூடாகும், 2-ஆம் படியில் பார்த்த கேபிள் நீள அட்டவணையும் மாறிவிடும். ஈஎம்சி தொந்தரவு இருந்தால் இறக்கிப் பாருங்கள்.

12. ஃபைல்

ஐரோப்பாவுக்கு மெஷின் அனுப்பும் கோவைத் தயாரிப்பாளர்கள் டிரைவ் கம்பெனியின் சிஇ தாளை ஃபைலில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுண்டு. மெஷினுக்கான அறிவிப்பில் கையெழுத்துப் போடுவது மெஷின் கட்டியவர். ஈஎம்சிக்கு 2014/30 உத்தரவு. மெஷினுக்கு இப்போதுள்ள 2006/42 உத்தரவின் இடத்தில் 2027 ஜனவரி 20 முதல் 2023/1230 ஒழுங்குமுறை வருகிறது. அந்தத் தேதிக்குப் பிறகு சந்தைக்குப் போகும் மெஷினுக்குப் பழைய எண்ணைக் காட்ட முடியாது.

உள்ளூர் வேலையானாலும் இவற்றை எழுதி வையுங்கள்: சூழல், பிரிவு, கேபிள் வகையும் நீளமும், கேரியர் ஃப்ரீக்வன்சி, ஃபில்டர் ஸ்க்ரூ உள்ளதா கழற்றியதா, ஃப்யூஸ் வகை, எஸ்டிஓ சேனல் சோதனை முடிவு. டக்ட் மூடி போடும் முன் ஒவ்வொரு ஷீல்டு முனையையும் போட்டோ எடுங்கள். மோட்டார் பக்கம், ஐசொலேட்டர் உள்பக்கம் உட்பட. கேரியர் ஃப்ரீக்வன்சியை மட்டும் பேனல் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். பராமரிப்புக்கு வரும் அடுத்த ஆள் முதலில் மாற்றிப் பார்ப்பது அந்தப் பாராமீட்டரைத்தான்.